கடல்சாவைக் கழுவினவர்

துறைமுக வாசலுக்கு எதிர்த்தாற்போல நான் காப்பிக் கடை போட்டிருந்த காலத்தில், சுவரில் திருக்கை வால் தொங்காத சரக்குக் கிட்டங்கி எங்கள் ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. திருக்கை மீனின் வாலை அறுத்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிடிக்கிற பக்கம் துணியைச் சுற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள். சாட்டை மாதிரி வளையும், அரம் மாதிரி அறுக்கும். அதில் அடி வாங்கின மூட்டைக்காரர் ஒருத்தர் என் கடை வாங்குப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு காப்பி கேட்டார். "எழும்பி உக்காந்து குடியும்வே" என்றேன். "உக்காருத எடத்தையும் சேத்துல்லா அடிச்சிருக்கான்" என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படி ஒரு ஊர்.

மனுசர் வாயிலிருந்து விழுகிற பேச்சை எடுத்து வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயசிலேயே வந்த பழக்கம். பள்ளிக்கூடம் என்று பெரிதாகப் போனதில்லை. சாமான் மடித்து வந்த பழைய பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். மற்றதெல்லாம் கடைக்கு வந்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். இதுவும் அப்படித்தான், கொஞ்சம் கண்ணால் கண்டதும் உண்டு.

அது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோய், ஊரே ரேஷன் கடை வாசலில் நின்றது. எங்கள் துறைமுகத்தில் அன்றைக்கு ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிவந்து, கடலுக்குள் நீட்டிக் கட்டின பாலத்தில் இறக்கும். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். அரிசி மூட்டை வருகிற அன்றைக்கு, வாசலில் ஒவ்வொருவனையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். சரக்கு இறக்குகிற காண்டிராக்டரின் காவல் மேஸ்திரி ஒருத்தன் அதற்கென்றே இருந்தான். என் கடையில்தான் காப்பி குடிப்பான். பன்னைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டுவிட்டுத்தான் தான் தின்பான். "வாயில்லா சீவன் அண்ணாச்சி" என்பான்.

என் கடைக்கு ஆப்பம் சுட்டுக் கொடுத்தது கடற்கரைத் தெருவில் ஒரு தண்டல் வீட்டம்மா. என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர்கள் என்னை அண்ணாச்சி என்பார்கள். எங்கள் ஊரில் கடை வைத்தவன் எல்லாருக்கும் அண்ணாச்சிதான், வயசு எதற்கு? அவர்களுக்கு ஒரே மகன். தகப்பனார் நடத்துகிற தோணியிலேயே வேலை. மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. பேச்சில் மன்னன்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பையனை வாசலில் நிறுத்தினார்கள். வேட்டி மடிப்பில் இரண்டு கை அரிசி. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதை அள்ளியிருந்தான். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் அவனைக் கிட்டங்கிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு காப்பி எடுத்து வையும். அடி வாங்கிட்டு வாரேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு அடி விழும், விட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. தகப்பனார் அந்நேரம் தோணியில் சரக்குக்குக் காவலாக நின்றார், அவருக்குத் தெரியாது.

காப்பியை எடுத்து வைத்தேன். ஏடு படிந்து ஆறிப்போயிற்று. அப்புறம் அதைக் கொட்டினேன்.

மறுநாள் காலையில் பாலத்துக்கு வடக்கே கடல் அவனைக் கரையில் போட்டது. "பின்வாசல் வழியா அப்பமே விட்டுட்டோம். குடிச்சிட்டுக் கடல்ல இறங்கியிருப்பான்" என்று காண்டிராக்டர் ஆட்கள் சொன்னார்கள். ஊர் முக்கியஸ்தர் ஒருத்தர், போலீஸ்காரர் நீட்டின காகிதத்தில் 'தவறி விழுந்து மரணம்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். காண்டிராக்டர் சரக்குக் கொடுக்காவிட்டால் அந்தத் தெருவில் ஒரு அடுப்பும் எரியாது.

இங்கே கடற்கரைக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலில் செத்தவனை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கரையிலேயே பாயை மறைப்பாகக் கட்டி, உள்ளே ஒரே ஒரு ஆள் நின்று நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, தோணிப் பாய்த்துணியில் சுற்றித் தலையோடு சேர்த்துத் தைத்துவிடுவார். அந்தி சாய்வதற்குள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பெண்கள் பார்க்கக் கூடாது. ஏனென்றால் மீனுக்கும் பாறைக்கும் மிஞ்சினது எந்தக் கோலத்தில் வரும் என்று சொல்ல முடியாது. முக்கியமான சங்கதி இதுதான்: கழுவினவர் தான் கண்டதைச் சாகிறவரைக்கும் வெளியே சொல்லக் கூடாது. 'தூங்குகிற மாதிரி இருந்தான்' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். எத்தனையோ தாய்மார் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கரையில் கழுவுகிறவர் இந்தத் தண்டல்தான். மற்ற எவர் கையும் அப்படித் தைக்காது என்பார்கள். தன் மகனையும் அவரே கழுவினார். மறைப்புக்குள் வேறு யாரையும் விடவில்லை. வெளியே வந்தபோது அக்கா காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "மூஞ்சி எப்படி இருக்கு? என் பிள்ளைக்கு மூஞ்சி எப்படி இருக்கு?"

"தூங்குத மாதிரி இருக்காம்ளா" என்றார் தண்டல்.

அதற்குப் பிறகு மனிதர் பேசுவது குறைந்தது. கடைக்கு வருவார், டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், குடிக்க மாட்டார். ஒரு மத்தியானம் மேஸ்திரி வந்தான். பீடி பற்றவைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கக்கத்தில் வைத்திருந்த திருக்கை வாலை எடுத்து, தண்டல் உட்கார்ந்திருந்த வாங்கில் அவர் பக்கத்திலேயே வைத்தான். வேண்டுமென்று வைத்தானோ, பழக்கத்தில் வைத்தானோ, தெரியாது. தண்டல் அதைக் கையில் எடுத்தார். விரலால் நுனிவரைக்கும் தடவிப் பார்த்தார். அப்படியே முன்னால் குனிந்து வாந்தி எடுத்தார்.

"என்ன தண்டல், காலம்பறச் சாப்பிட்டது சேரலியா?" என்றான் மேஸ்திரி.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார். நடை சரியில்லை என்று நானும் பின்னாலேயே போனேன். அக்கா மறுநாள் ஆப்பத்துக்குச் சட்டியைக் காயவைத்து எண்ணெய் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் குசினி வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை.

"முதுகு பூராவும் வார்வாரா உரிஞ்சு கெடந்துச்சு. திருக்கை வாலு. ரெண்டு கையும் முழங்கைக்குக் கீழ ஒடிஞ்சு தொங்குது. பின்மண்டைல கைய வச்சேன். வெரலு உள்ள போவுது, ஏளா. வெரலு உள்ள போவுது."

அக்கா திரும்பவில்லை. "தூங்குத மாதிரின்னு சொன்னீரே" என்றார்கள்.

"கழுவினவன் சொல்லக் கூடாதுல்லா."

"நீரு கழுவினவரா, பெத்தவரா?"

கேட்ட வேகத்தில் சட்டியைக் காதோடு பிடித்துத் தூக்கி அவரை அடித்தார்கள். கொதிக்கிற இரும்பு. தோளில் பட்ட இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டது. மறுபடி அடித்தார்கள், கழுத்தில். மறுபடி. தண்டல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தசை தீய்ந்த வாடை எனக்கு அடித்தது. நான் போய்ச் சட்டியைப் பிடுங்கினேன். என் உள்ளங்கையும் வெந்தது. அக்கா மூச்சு வாங்க அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீரு கையத் தூக்கித் தடுக்கலியே" என்றார்கள். குரல் இறங்கிவிட்டது. "அவன் தடுத்திருக்கான். அதாம் கை ஒடிஞ்சிருக்கு. சாவணும்னு நிக்கல எம்பிள்ள. தடுத்திருக்கான்."

பிறகு எண்ணெய் எடுத்து அவர் தோளில் தடவிவிட்டு, "எழும்பும், போலீசுக்குப் போவோம்" என்றார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் காது குடைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தண்டலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "கழுவினது யாரு? நீ. தச்சது யாரு? நீ. குழியில இறக்கினது யாரு? நீ. இப்பம் வந்து கொலைன்னு சொல்லுத. அப்பம் கொன்னது யாரு? நீதானா?" பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். உடம்பை டாக்டர் பார்க்காமல் கேஸ் கிடையாது, பார்ப்பதென்றால் குழியைத் தோண்ட வேண்டும், தோண்டுவதற்கு சப் கலெக்டர் உத்தரவு போட வேண்டும். அதைத்தான் அந்த மனிதர் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

என் கடையில் வைத்துத்தான் மனு எழுதினோம். நான்தான் எழுதினேன். முதல் கோரிக்கை, குழியைத் தோண்டி டாக்டர் பார்க்க வேண்டும். அக்கா நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் எழுதும் அண்ணாச்சி. இனிமே தொறமுகத்துத் தண்ணியில செத்து ஒதுங்குத எந்த உடம்பையும் டாக்டர் பாக்காமப் பொதைக்கக் கூடாது. கழுவவும் கூடாது. அப்படி ஒரு சட்டம் போடச் சொல்லும்."

தண்டலுக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம பிள்ளைக்கு மட்டும் கேப்போம்ளா. ஊரு வழக்கத்துல கைய வைக்காண்டாம்."

"நாளைக்கு இன்னொருத்தி வந்து உம்ம காலப் பிடிப்பா. மூஞ்சி எப்படின்னு கேப்பா. என்ன சொல்லுவீரு?"

அதையும் நான் எழுதினேன்.

இரண்டாவது கோரிக்கைதான் ஊரைத் திருப்பியது. கொலை என்று சொன்னால் காண்டிராக்டருக்குத்தான் கோபம். கடல்சாவை டாக்டர் கத்தியில் வைக்கச் சொன்னால் தெருவுக்கே கோபம். தண்டலுக்குத் தோணி போயிற்று. வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. தண்ணீர் எடுக்கிற இடத்தில் அக்காவின் குடத்தை உடைத்து, "உம்பிள்ளையத் தோண்டித் தின்னுட்டு அடுத்து எங்க பிள்ளைகளத் தோண்டப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் அக்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. "குடத்துக்குச் சண்டை போட மாட்டேன்ளா, குழிக்குத்தான்" என்று அக்கா சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு. பங்குச் சாமியார் ஒரு நல்ல மனிதர், பயந்தவர். "மந்திரிச்ச மண்ணும்மா அது. எனக்கு மேல ஆயர், அவருக்கு மேல ரோமாபுரி. நான் என்ன செய்ய?" என்றார். "அவுங்களுக்கெல்லாம் மேல இருக்காரே, அவரோட மகனையும் அடிச்சுத்தானே கொன்னாவ, சாமி" என்றார்கள் அக்கா. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

மனு போய்ச் சேர்ந்த செய்தி துறைமுகத்துக்குள்ளும் எட்டியது. அன்றைக்கு வெயில் நேரம், கடையில் கூட்டம் இல்லை, தண்டல் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி ஏழெட்டுப் பேரோடு வந்தான். அன்றைக்கும் காக்காய்க்குப் பன் போட்டான். போட்டுவிட்டு, "சாட்சி சொல்லப் போறீராமே, அண்ணாச்சி" என்றான்.

"கண்டதைச் சொல்லுவேன்" என்றேன்.

பாய்லரைக் காலால் உதைத்தான். வெந்நீரும் தணலும் என் மேல் சாய்ந்தன. இடது கால் தொடையிலிருந்து கீழே தோல் வேட்டியோடு வந்தது. அலமாரிக் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. நான் தரையில் புரண்டுகொண்டிருக்கும்போதே தண்டலைப் பிடித்து வாங்கில் வலது கையை நீட்டி அமுக்கினார்கள். "தச்ச கை இதுதானே?" என்று கேட்டு, என் கடை எடைக்கல்லை எடுத்து மேஸ்திரியே இறக்கினான். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. எலும்புக்கு ஒரு சத்தம் உண்டு, அவ்வளவுதான். தண்டல் கத்தவில்லை. இரண்டாம் தரம் கல் இறங்கும்போது, "எம்மவனுக்கும் இதே மாதிரித்தானாலே?" என்று கேட்டார். மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு நொடிதான். மூன்றாம் தரமும் இறக்கினான்.

கட்டுப்போட்ட கையோடு அவரும், விந்தி நடக்கிற காலோடு நானும், நடுவில் அக்காவுமாக ரயிலேறி ஸ்ரீவைகுண்டம் போனோம். சப் கலெக்டர் அங்கே முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். வெள்ளைக்காரர். டவாலிச் சேவகன் எங்களை வாசலிலேயே நிறுத்தி, மனு வந்தாயிற்று, போங்கள் போங்கள் என்றான். துரை வந்து காரில் ஏறினார். கார் கிளம்பியது. அக்கா ஓடிப்போய்க் கதவுப் பிடியைப் பிடித்தார்கள். டிரைவர் நிறுத்தவில்லை. அக்கா விடவில்லை. முழங்கால் இரண்டும் சரளையில் தேய, சேலை கிழிய, ஆலமரம் வரைக்கும் இழுபட்டுப் போனார்கள். கார் நின்றது. துரை இறங்கிப் பார்த்தார். முழங்காலில் வெள்ளையாகத் தெரிந்தது சதையா எலும்பா என்று நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதும் பிடியை விடாமல், மேல்மூச்சு வாங்க, "தோண்டச் சொல்லும்" என்றார்கள். துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "வாட் இஸ் தோண்ட?" என்று குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா சொன்னார்.

உத்தரவு வந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு டாக்டரும், தாசில்தாரும், போலீஸும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வெளியே ஊர் கூடி நின்றது. வாசலில் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால், சாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று கோயில் உபதேசியார் சொன்னார். சொல்லிக்கொண்டே, கூட்டத்துக்குத் தெரியாமல் அங்கியிலிருந்து சாவியை எடுத்துத் தாசில்தார் கையில் வைத்தார். "காய்ச்சல்ல என்ன செய்யுதோம்னு சாமிக்கே தெரியல, சாவிய எங்கன வச்சாவளோ" என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்லவும் செய்தார்.

மண்வெட்டி முதல் வெட்டு இறங்கியதும் கல் வர ஆரம்பித்தது. ஒரு போலீஸ்காரருக்கு நெற்றி பிளந்தது. தடியடி. மதிலேறின ஆட்களைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். குருசடிப் பக்கம் ஒரு பெண் கீழே விழ, அவள் மேல் நாலு பேர் மிதித்து ஓடினார்கள். வெட்டுகிறவன் பயந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனான். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள். முதுகில் ஒரு கல் பட்டது, தோளில் ஒன்று. குனிந்தபடியே வெட்டினார்கள்.

மூட்டை மேலே வந்தது. பாய்த்துணி இற்றுப்போயிருந்தது, தையல் மட்டும் அப்படியே இருந்தது. "யார் தைத்தது?" என்றார் டாக்டர். சாயர்புரம் பக்கத்து மனிதர் அவர். மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ். தண்டல் முன்னால் வந்தார். வலது கை விரல்கள் வளையாது. இடது கையால் கத்தியைப் பிடித்துப் பார்த்தார், நழுவிற்று. அக்கா கத்தியை வாங்கி, தலைப் பக்கமிருந்து ஒவ்வொரு தையலாக அறுத்தார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம், கைலேஞ்சியால், துண்டால். அவர்கள் மூடவில்லை.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். இரண்டு முழங்கை எலும்பையும் தூக்கிக் காட்டினார். ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. மண்டை ஓட்டைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு உள்ளே அமுங்கிக் கீறல் விட்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் கத்தினான்: "மீனு கடிச்சிருக்கும், டாக்டரே!"

"மீன் தின்னும், தம்பி. தடியால் அடிக்காது" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமலே.

சத்தம் நின்றது. கல்லும் நின்றது. அக்கா அந்த முகத்தை, முகம் இருந்த இடத்தை, பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை. பிறகு புதுத்துணியில் தானே சுற்றி, தானே தைத்தார்கள். கோணலும் மாணலுமான தையல். தண்டல் பக்கத்தில் குந்தி, "இங்கன ஒரு தையல் விடுளா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேஸ் திருநெல்வேலியில் நடந்தது. காப்பி எடுத்து வைக்கச் சொன்னதை நான் கூண்டில் ஏறிச் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல், "அடி வாங்கப் போகிறவன் சிரித்துக்கொண்டா போவான்?" என்றார். "எங்க ஊர்ல அப்படித்தான் போவாங்க ஐயா. அழுதா ரெண்டு சேத்து விழும்" என்றேன். மேஸ்திரிக்கும் அவன் ஆட்கள் இருவருக்கும் ஜெயில். தூக்கு இல்லை. காண்டிராக்டர் பெயர் எங்கேயும் வரவில்லை. தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு மேஸ்திரியின் பெண்டாட்டி கோர்ட்டு வாசலில் அக்கா முகத்தில் காறித் துப்பினாள். அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இவளுக்கும் பிள்ள இருக்கும்லா" என்றார்கள். மன்னித்துச் சொன்னார்களா, சபித்துச் சொன்னார்களா, இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். அக்கா மட்டும் மனுவின் இரண்டாம் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்காரத் துரை போய் நம்ம ஊர்த் துரை வந்தார், கொடி மாறியது, கதர்க்காரர்கள் கிட்டங்கி வாசலில் மிட்டாய் கொடுத்தார்கள். அக்கா மிட்டாயை வாங்கிக்கொண்டு, கொடுத்தவரிடமே மனுவையும் நீட்டினார்கள். "ஏற்கனவே குடுத்தது வெள்ளைக்காரன்ட்ட. நீங்க நம்ம ஆளுல்லா" என்று ஒரு சொல். கடைசியில் ஜில்லா உத்தரவாக அது வந்தது. துறைமுக வாசலில் ஒட்டினார்கள். துறைமுகத்திலும் அதை ஒட்டின கடலிலும் இறந்து ஒதுங்கும் எந்த உடலையும், சர்க்கார் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கும் முன்னால் கழுவவோ புதைக்கவோ கூடாது. நான் சத்தமாகப் படித்தேன். தண்டல் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

அந்த உத்தரவுக்கு வந்த முதல் உடம்பு எவனும் அடித்துக் கொன்றது அல்ல. சுழிக்காற்றில் ஒரு தோணி கவிழ்ந்தது, ஊரே கரையில் நின்று பார்த்தது. ஒரு பையனைத் தவிர எல்லாரும் நீந்தி வந்தார்கள். மறுநாள் மத்தியானம் அவன் ஒதுங்கினான். சொந்தக்காரர்கள் நல்ல தண்ணீர்க் குடங்களோடும் பாய்த்துணியோடும் வந்தார்கள். அக்காவும் தண்டலும் அவர்களுக்கு முன்னாலேயே உடம்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். டாக்டருக்கு ஆள் விட்டால், ஆறுமுகநேரி உப்பளத்தில் ஏதோ விபத்து, அங்கே போயிருக்கிறார் என்று பதில் வந்தது.

வெயில் இறங்க ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. வயிறு ஊதிக்கொண்டே வந்தது.

"கண்ணு முன்னாலதான முங்கினான்! யாரு கொன்னா இவன? காத்தைப் பிடிச்சி ஜெயில்ல போடுவியா?" என்று தாய்மாமன் கத்தினான்.

"டாக்டர் வரட்டும்" என்றார்கள் அக்கா.

செத்தவனின் தாய் எழுந்து வந்தாள். முதலில் கன்னத்தில் அறைந்தாள். பிறகு கொண்டையைப் பிடித்து மணலில் இழுத்தாள். காதில் தொங்கின தங்கத்தோடு காதையும் சேர்த்து இழுத்தாள். மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் ஓடியது. "எம்பிள்ள நாறுதானே, எம்பிள்ள நாறுதானே" என்று ஒவ்வொரு அறைக்கும் சொன்னாள். ஆண்கள் தண்டலைத் தள்ளிவிட்டு உடம்பைத் தூக்க வந்தார்கள். அவர் உடம்பின் குறுக்கே குப்புற விழுந்து கட்டிக்கொண்டார். விலாவில் உதைத்தார்கள். துடுப்புக் கட்டையால் ஒருவன் முதுகில் போட்டான். நானும் இரண்டு மூட்டைக்காரரும் நடுவில் புகுந்தோம், எங்களுக்கும் விழுந்தது. பிய்த்தெடுக்க முடியவில்லை. ஊதின உடம்பில் முகத்தைப் பதித்தபடி, "நான் எத்தன பேரத் தச்சுப் பொதைச்சேன்னு எனக்கே தெரியாதுலே. அதுல எத்தன பேரு முங்கினவன், எத்தன பேரு அடி வாங்கினவன்? கேக்காமத் தச்சேன். இனி தைக்க விடமாட்டேன்" என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். அடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். அவர்கள் வீட்டு ஆட்களையும் அவர்தானே தைத்திருந்தார்.

டாக்டர் வந்தபோது கடல் கறுக்க ஆரம்பித்திருந்தது. காரின் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார், வாயைத் திறந்தார், கைகளைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணீரில் மூழ்கினதுதான். வேறு ஒன்றும் இல்லை. கொண்டுபோங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். தாய்மாமன் அக்காவைப் பார்த்து, "இப்பம் குளுந்துச்சா? போங்க இங்கயிருந்து" என்றான்.

மூவரும் மணலில் நடந்தோம். தண்டல் விலாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அக்கா கிழிந்த காதை முந்தானையால் அமுக்கியிருந்தார்கள்.

"வலிக்காக்கா?" என்று கேட்டேன்.

"அவ அடிச்சதுல தப்பில்ல அண்ணாச்சி. வெயில்ல போட்டு வச்சிருந்தோம்லா" என்றார்கள். பிறகு, "டாக்டர் ஊர்ல இல்லாத அன்னைக்கு யாரு வந்து பாக்கணும்னு அந்த உத்தரவுல எழுதலியே. விட்டுட்டோமே. காலம்பற எழுதணும்" என்றார்கள்.

காலையில் எழுத உட்கார்ந்தோம்.